காவிரிப் பாலத்தில் நிறைவேறிய தீர்மானம்

அப்பளக் குழவியால் உலகம் ஆளப்பட்டதை நேரில் பார்த்தவன் நான். திருச்சியில் நான் எம்.ஏ. படித்த கல்லூரியின் மாடி ஹாலில், ஒரு சனிக்கிழமை காலை, நாற்பது நாடுகள் கூடியிருந்தன. நாற்பது நாடுகளுக்கும் சேர்த்து மூன்று மின்விசிறிகள். அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும், காற்று தராது.

அரசியல் விஞ்ஞானத் துறையில் ஆண்டுக்கொரு முறை ‘மாதிரி உலக சபை’ நடக்கும். மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து, பேசி, சண்டை போட்டு, கடைசியில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். சபைத் தலைவர் தட்டுவதற்கு மரச் சுத்தியல் வேண்டும். அதைத் தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கிவரும் பொறுப்பு என்னுடையது. சுத்தமாக மறந்துவிட்டேன்.

அந்த வருடம் தலைவர் பத்மாசனி. என் வகுப்பு; ஸ்ரீரங்கம் உத்திர வீதிப் பெண். அவள் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவர். நான் மறப்பேன் என்று முதல் நாளே தெரிந்தவள் மாதிரி, மஞ்சள் பையிலிருந்து ஒரு அப்பளப் பலகையையும் குழவியையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

டொக் என்று தட்டினாள். சபை தொடங்கியது. ஒவ்வொரு முறை தட்டும்போதும் முன் வரிசையில் இருந்த எங்களுக்குப் பெருங்காய வாசனை வந்தது.

அவளை எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மலைநாட்டுப் பிரதிநிதி

சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது கடலே இல்லாத ஒரு மலைநாடு. உலகப் படத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

அன்றைய வரைவுத் தீர்மானம், பல நாடுகள் வழியாக ஓடும் ஆறுகளைப் பற்றியது. மேலே இருக்கிற நாடு கீழே இருக்கிற நாட்டுக்கு உரிய காலத்தில் தண்ணீர் விட வேண்டும் என்பது சாரம். ஆறு பிறப்பதே என் மலைநாட்டில்தான். ஆகவே நான் எழுந்து கடுமையாக எதிர்க்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு உரை தயாராக இருந்தது.

ஆனால் நான் ஜீயபுரத்துக்காரன். அப்பா நெல்லும் வாழையும் போடுகிறவர். அந்த வருடம் மழை பொய்த்து, மேட்டூர் திறக்கத் தாமதமாகி, நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அன்று காலை நான் கிளம்பும்போதுகூட அப்பா வாய்க்கால் மதகில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுப் பிள்ளை, மாடி ஹாலில் எழுந்து நின்று, கீழே இருக்கிறவனுக்குத் தண்ணீர் விட முடியாது என்று எப்படிச் சொல்வான்? ஆதரிக்கவும் வழியில்லை; வேஷம் போட்ட பிறகு நாட்டுக்குத் துரோகம் செய்யக் கூடாது. சரி, நடுநிலை வகித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அதற்குச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

“எதிர்ப்பு ஏதும் இல்லை என்று கருதலாமா?” என்று தலைவர் கேட்டாள். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். என்னிடம் வந்தபோது அவள் பார்வை கொஞ்சம் நின்றது. எல்லோரும் என் உரைக்காகக் காத்திருந்தார்கள். நான் மேஜையைப் பார்த்தேன்.

டொக். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஹாலே சிரித்தது. உலக வரலாற்றில் முதன்முறையாக மேல்மடைக்காரன் தானே வந்து மதகைத் திறந்துவிட்டான் என்றார்கள். அன்றிலிருந்து வகுப்பில் எனக்கு ‘மதகு’ என்று பெயர் விழுந்தது. எம்.ஏ. பட்டம் கூட அவ்வளவு நாள் நிலைக்கவில்லை.

டீ இடைவேளையில் பத்மாசனி நேரே என்னிடம் வந்தாள். வழக்கமாக என்னிடம் நிதானமாக, எங்கள் பக்கத்துப் பேச்சில் பேசுகிறவள். கோபமோ பதற்றமோ வந்தால் மட்டும் அவள் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

“நடுநிலைன்னாலும் கை தூக்கணும். சும்மா உக்காந்துண்டிருந்தா சம்மதம்னுதான் எழுதுவா. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?”

தெரியாது என்றேன். இனிமேல் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் ஊரில் கல்யாணப் பேச்சில் சொல்வதை, உலகமே ஒரு சட்டமாக வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எத்தனை பக்கமானாலும் ஒரே புள்ளி

அடுத்த வருடக் கூட்டத்துக்கு வரைவு எழுதும் வேலையை அவள் என் தலையில் கட்டினாள். நூலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம். அப்போதுதான் இந்தத் தீர்மானங்கள் எப்படி உருவாகின்றன என்பதில் எனக்கு ருசி ஏற்பட்டது.

உலக நாடுகளின் பொதுச்சபையில் தீர்மானம் என்பது எத்தனை பக்கம் இருந்தாலும் ஒரே வாக்கியம். ‘முன்னர் எடுத்த முடிவுகளை நினைவுகூர்ந்து’, ‘ஆழ்ந்த கவலையுடன் கவனித்து’, ‘மீண்டும் வலியுறுத்தி’ என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில்தான் புள்ளி. ஒரு நாடு வரைவு எழுதும், நாலு நாடுகள் கூடச் சேரும், பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பேரம். ‘கண்டிக்கிறது’ என்று இருந்தால் யாராவது ‘வருந்துகிறது’ என்று மாற்றச் சொல்வார்கள். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்களாம்.

வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். மனித உரிமைகளுக்கான பிரகடனத்தை எழுதியபோது, முதல் வரி ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்தது. ஆண் என்றால் எல்லோரும்தானே என்று மற்றவர்கள் சொல்ல, நம் நாட்டிலிருந்து போன ஒரு பெண் விடாப்பிடியாக நின்று அதை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தார். இதைப் படித்த அன்று பத்மாசனி நூலகத்தில் மேஜையைத் தட்டிவிட்டாள். நூலகர் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்.

வாசலில் நின்று நான் வாதாடினேன். அந்தச் சபையின் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. அதனிடம் பட்டாளம் இல்லை, போலீஸ் இல்லை. பாவம், சிபாரிசுதான் செய்ய முடியும். அப்புறம் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றேன்.

அவள் வேறொரு தீர்மானத்தைச் சொன்னாள். அடிமைப்பட்ட நாடுகளுக்கெல்லாம் விடுதலை வேண்டும் என்று ஒரு வரைவு வந்தபோது, காலனிகளை ஆண்டுகொண்டிருந்த நாடுகளுக்கே எழுந்து ‘கூடாது’ என்று சொல்லக் கூச்சமாகிவிட்டது. நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டன. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. அதற்குப் பின் வந்த வருடங்களில் ஒவ்வொரு கொடியாக இறங்கியது.

“சொல்லி வெச்சுட்டா, அப்புறம் சொல்லலைன்னு ஆகாது இல்லையா?” என்றாள். அவ்வளவுதான் அவள் வாதம். நான் தோற்றேன். அவளிடம் தோற்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

ஒரு பாலத்தின் நீளம்

கல்லூரி விட்டதும் இருவரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை வருவோம். அங்கிருந்து அவள் வடக்கே ஸ்ரீரங்கம் போக வேண்டும், நான் மேற்கே ஜீயபுரம். எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி அவளோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிடுவேன். ராஜகோபுரம் ஸ்டாப்பில் அவள் இறங்கிப் போனதும் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். வாரத்துக்கு மூன்று நாள் அப்படி என்ன வேலை என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

படிப்பு முடிந்து, சான்றிதழ் வாங்கப் போன ஒரு நாள். ஆடி மாதம். அந்த வறண்ட வருடம் போல் இல்லாமல், இந்த முறை தண்ணீர் ஒரேயடியாக வந்திருந்தது. காவிரி இரு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில், சுழித்துக்கொண்டு போனது. பஸ்ஸில் கூட்டமில்லை. அவள் ஜன்னலோரம், மடியில் டிபன் பாக்ஸ். நான் எதிர் வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாலத்தில் ஏறியதும் சொன்னாள்.

“எங்காத்துல ஒரு இடம் பாத்திருக்கா. அவருக்கு வெளிநாட்டுல வேலை. வெள்ளிக்கிழமை நிச்சயம் பண்ணலாமான்னு அப்பா என்னைக் கேக்கறார். இன்னிக்குச் சாயங்காலம் நான் பதில் சொல்லணும்.”

அவள் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, அந்தச் சனிக்கிழமைக் குரலில் கேட்டாள்.

“எதிர்ப்பு ஏதும் இல்லைன்னு எடுத்துக்கலாமா?”

விளையாட்டுப்போலத்தான் கேட்டாள். ஆனால் கண்கள் விளையாடவில்லை.

என்னென்ன நினைத்தேன் என்று இப்போது ஒழுங்காகச் சொல்ல முடியும். அப்போது எல்லாம் ஒன்றாக வந்தது. அவள் வீடு கோயிலை ஒட்டியது, என் வீடு வயலை ஒட்டியது. அவள் அப்பா என்னைப் பார்த்தால் அன்பாகப் பேசுவார், ஆனால் நான் தண்ணீர் கேட்டால் அந்த வீட்டில் எந்த டம்ளரில் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேலை இல்லை. கல்யாணமாகாத தங்கை இருந்தாள். எதிர்ப்பு உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால், அதற்குப் பிறகு நூறு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த நூறும் என்னிடம் இல்லை.

நான் ஆற்றைப் பார்த்தேன். மேல்மடைக்காரனாக மேஜையைப் பார்த்த அதே மாதிரி.

ஆனால் முன்பு விதி தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த முறை தெரியும். விதியைச் சொல்லிக் கொடுத்தவளே எதிரில் உட்கார்ந்து, பாலம் முடியும்வரை எனக்கு நேரம் கொடுத்தாள். காவிரிப் பாலம் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னும் பின்னும் எனக்குத் தோன்றியதில்லை.

பாலம் தாண்டி, மாம்பழச்சாலையில் பஸ் திரும்பியது. அவள் டிபன் பாக்ஸ் மூடியில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். டொக். ராஜகோபுரத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனாள். கோபுர வாசல் அவளை மறைக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வழக்கம்போல அதே பஸ்ஸில் திரும்பினேன்.

ஆட்சேபணை இல்லையே?

அடுத்த வருடம் எனக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. முப்பது வருடங்களுக்கு மேல், எதிரில் நிற்பவர்களைப் பார்த்து ஆட்சேபணை இல்லையே என்று கேட்டு, கைநாட்டு வாங்குவதே என் உத்தியோகம். பங்கை எழுதிக் கொடுக்க வந்து, வாய் திறக்காமல் தலையைக் குனிந்து நிற்கும் தங்கைகளையும் தம்பிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் மட்டும் இரண்டு தடவை கேட்பேன். சார் ரொம்ப மெதுவு என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்.

செண்பகத்தைக் கட்டிக்கொண்டேன். பள்ளியில் கணக்கு டீச்சர், என்னைவிடக் கெட்டிக்காரி. கே.கே. நகரில் வீடு, ஒரு பெண், அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது. குறை ஒன்றும் சொல்ல மாட்டேன். ஏக்கம் என்பது குறையினால்தான் வர வேண்டும் என்றில்லை. நன்றாகச் சாப்பிட்டு எழுந்த பிறகும், யார் வீட்டிலோ அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தால் மனம் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.

நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது ஒரு செய்தி படித்தேன். உலக நாடுகளும் ஓரிடத்தில் கூட முடியவில்லை. ஆகவே வரைவை எல்லா நாட்டுக்கும் அனுப்பி, இந்த நாள் இந்த மணிக்குள் ஒருவரும் மறுப்பு எழுதாவிட்டால் தீர்மானம் நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்று வைத்திருந்தார்கள். மௌன நடைமுறை என்று அதற்குப் பெயராம். எத்தனையோ நாடுகளில் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு கடிதம் எழுதினால் போதும், மௌனம் உடைந்துவிடும்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். செண்பகம் டீ எடுத்து வந்து, கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மன்னார்புரத்தில் ஒரு மதியம்

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பின் பழைய மாணவர் கூட்டம், மன்னார்புரத்தில் ஒரு ஓட்டலின் ஏ.சி. ஹாலில் நடந்தது. பத்மாசனி வந்திருந்தாள். அப்பாவின் சிராத்தத்துக்காக ஸ்ரீரங்கம் வந்தவளை யாரோ பிடித்து இழுத்து வந்திருந்தார்கள்.

தலை முழுக்க வெள்ளை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

“மதகு, எப்படி இருக்கீங்க?” என்றாள். இத்தனை வருடம் கழித்தும் அந்த ‘ங்க’ போகவில்லை.

அவளுடைய கணவர் நல்ல மனிதர். போட்டோ காட்டினாள், பேரனையும் காட்டினாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமும் இன்னொன்றும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

என்ன வேலை பார்த்தாய் என்று கேட்க வராமல், என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். நிஜமான அந்த உலக சபையிலேயேதான். கூட்டங்களின் ஆவணம் தயாரிக்கும் பிரிவு. பிரதிநிதிகள் பொத்தானை அழுத்துவார்கள். சுவரில் பெரிய பலகையில், ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள் விளக்கு எரியும். தலைவர் சுத்தியலைத் தட்டுவார். அதன் பிறகு யார் எப்படி வாக்களித்தார்கள் என்று எழுதி வைப்பார்கள்.

“பக்கத்துக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு குறிப்பு வரும். அதுதான் என் வேலை” என்றாள்.

என்ன குறிப்பு என்றேன். விவரித்தாள். சில சமயம் ஒரு நாட்டுப் பிரதிநிதி காபி குடிக்கப் போயிருப்பார். சிலர் அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்திவிடுவார்கள். சிலருக்கு அந்த நேரத்தில் கை வராது. பிறகு வந்து சொல்வார்கள். உடனே அடிக்குறிப்பில், இன்ன நாடு தாம் எதிர்த்து வாக்களிக்க எண்ணியிருந்ததாகப் பின்னர் தெரிவித்தது என்று சேர்த்துவிடுவார்களாம்.

எங்கள் அலுவலகத்துப் பிழைதிருத்தல் பத்திரம் எனக்கு ஞாபகம் வந்தது. “அதனால முடிவு மாறுமா?” என்று கேட்டேன்.

“மாறாது. எண்ணிக்கைகூட மாறாது. ஆனா எழுதிடுவோம்.”

“எவ்வளவு நாளைக்குள்ள வந்து சொல்லணும்?”

அவள் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் கரண்டியை வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அச்சாகறதுக்குள்ள” என்றாள்.

குரூப் போட்டோவுக்கு வரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய்விட்டேன். ஆமாம், மூன்றாவது முறையும். பெண்ணைக் கட்டிக் கொடுத்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒரு மனிதனுக்கு, ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலை விமானத்தில் கிளம்பினாள். விமான நிலையம் எங்களுக்குப் பக்கம். ஏறுகிற விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் போகும். துணி உலர்த்துகிற கொடியைப் பிடித்துக்கொண்டு, அது புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சுக்கு முன்

ஒரு பத்திரிகைக்கு நான் எழுதிவரும் நினைவுத் தொடரில் இந்த அத்தியாயத்தை எழுதியதும் வழக்கம்போலச் செண்பகத்திடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பளக் குழவி வந்த இடத்தில் சிரித்தாள். பாலம் வந்த இடத்தில் கை நின்றது.

இதை அனுப்பலாமா, ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். அவளிடமும் இரண்டு தடவை கேட்டேன்.

கையில் இருந்த பூவை ஆய்ந்து முடித்தாள். பிறகு கறை படிந்த வலது கையை, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல், நேராகத் தூக்கினாள்.

“நான் நடுநிலை. கை தூக்கிட்டேன், பாத்துக்கங்க. அப்புறம் நான் சம்மதிச்சேன்னு எழுதிடாதீங்க.”

எழுதவில்லை. அவள் சொன்னபடியே பதிந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை இந்த இதழ் அச்சுக்குப் போகிறது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இன்று புதன். ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கீழே இருப்பதை மட்டும், பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள்.

* காவிரிப் பாலத்தில் நிறைவேறிய தீர்மானம் குறித்து: ஜீயபுரத்துப் பிரதிநிதி, தாம் எதிர்த்து வாக்களிக்க எண்ணியிருந்ததாகப் பின்னர் தெரிவித்தார். முடிவில் மாற்றமில்லை.